காற்றில் வந்து கடலில் விழுவதும் உங்கள் பொறுப்பே

பவளத்திட்டுகளைக் காக்கும் பொறுப்பேற்ற அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழுவினருக்கும்,

கண்காணிப்புத் திட்டத்தின் திருத்திய வரைவைப் படித்து முடித்தேன். காற்றுவழி வந்து விழும் தூசி, கரி, சாம்பல் பற்றிக் குறிப்பு எழுதுவதற்கென்று பழைய படிவத்தில் ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதத்துக்கு ஒரு வரியில் பதில் வந்தது: வளிமண்டல மாசு இத்திட்டத்தின் வரம்புக்குள் வராது. அந்த வரியை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. நீங்கள் நடத்திய பயிற்சியில் கற்றுக்கொண்டு, நீங்கள் கொடுத்த படிவங்களோடு முக்குளிக்கும் தன்னார்வலர்களில் ஒருவன். அளவு நாடாவை விரிக்கிறோம், சதுரச் சட்டத்தை வைத்துப் படமெடுக்கிறோம், உயிரோடு இருக்கும் பவளம் எவ்வளவு, வெளிறியது (தன்னுள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுத்தது) எவ்வளவு, பாசி மூடியது எவ்வளவு, நோய்த் தழும்பு எத்தனை என்று பலகையில் குறித்துக்கொண்டு மேலே வருகிறோம். நங்கூரம் உடைத்த கிளைகளுக்குப் படிவத்தில் இடம் இருக்கிறது. சிக்கிக் கிடக்கும் வலைக்கும் இடம் இருக்கிறது. வானத்திலிருந்து விழுவதற்கு மட்டும் இனி இடம் இல்லை.

சரி, நாங்கள் அங்கே பார்ப்பது என்ன? காற்று பல நாள் ஒரே திசையிலிருந்து வீசி, வானம் மங்கிக் கிடந்த பிறகு இறங்கினால், திட்டின் உட்புறத்தில், அலை அதிகம் புரட்டாத ஆழமற்ற பகுதியில், தட்டையாகப் படர்ந்த பவளங்களின்மேல் ஒரு மெல்லிய படலம் தெரியும். கிளைத்து நிற்கும் வகைகளில் அது அவ்வளவாகத் தங்குவதில்லை. தட்டைப் பவளமும் சும்மா கிடப்பதில்லை. வழவழப்பான கோழையைச் சுரந்து, துகள்களை அதில் சுருட்டி, உரித்துத் தள்ளுகிறது. முதல்முறை பார்ப்பவருக்கு அது ஆச்சரியமான காட்சி. ஆனால் அந்தக் கோழைக்கு விலை உண்டு. பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலைக் கொண்டு தயாரித்துக் கொடுக்கும் உணவில் பாதிவரை கோழையாகவே வெளியேறிவிடக்கூடும் என்று சில இனங்களில் அளந்திருக்கிறார்கள். வானம் மங்கினால் பாசிக்கு ஒளி குறைகிறது. தூசி விழுந்தால் கோழை கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரவு குறையும் அதே நாளில் செலவு ஏறுகிறது.

கோழையால் தள்ள முடியாமல் குழிவான இடங்களில் தங்கிவிடும் படலம்தான் இன்னும் மோசம். நுண்வண்டல் பவளத்தை எப்படிக் கொல்கிறது என்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு படிப்படியாகக் காட்டியது. வண்டலில் கரிமப் பொருள் கலந்திருந்தால் நுண்ணுயிரிகள் அதைத் தின்று பெருகுகின்றன; அந்தச் சிறு பரப்பில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது; நீர் அமிலத்தன்மை அடைகிறது; பிறகு ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகி அடியிலுள்ள திசுவை அழிக்கிறது. ஒரே நாளில் இது நடந்து முடிந்துவிடலாம். மாதத்துக்கு ஒருமுறை போய்ப் படமெடுக்கும் உங்கள் திட்டம் அதை எந்தக் கட்டத்தில் பதிவு செய்யும்? ‘காரணம் தெரியாத திசு இழப்பு’ என்ற கட்டத்தில்தான். அந்தக் கட்டம் ஆண்டுக்கு ஆண்டு நிறைந்துகொண்டே போவது உங்களுக்கே தெரியும்.

எடையை மட்டும் பார்த்தால், ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் மண்ணுக்கு முன்னால் காற்று கொண்டுவருவது சொற்பம். தொலைதூரப் பாலைவனத்திலிருந்து வரும் தூசி எந்தத் திட்டையும் புதைத்துவிடவில்லை. அதை எடை போடுவதைவிட, அதில் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்பதே முக்கியம். அந்த விஷயத்தில் உலகிலேயே அதிகம் ஆராயப்பட்டது சகாராத் தூசிதான். மேற்கு ஆப்பிரிக்காவின் கரையைத் தாண்டி ஆண்டுக்குச் சராசரியாக 18 கோடி டன் தூசி அட்லாண்டிக்கின்மேல் புறப்படுகிறது என்றும், அதில் ஏறத்தாழ 4.3 கோடி டன் கரீபியன் பகுதிவரை வருகிறது என்றும் நாசாவின் செயற்கைக்கோள் தரவுகளைக்கொண்டு 2015-இல் கணக்கிட்டார்கள். கரீபியனின் கிழக்கு விளிம்பிலுள்ள பார்படாஸ் தீவில் ஜோசப் பிராஸ்பெரோ என்ற ஆய்வாளர் 1965-இல் தொடங்கிய அளவீட்டில், சகாராவின் தெற்கு ஓரத்திலுள்ள சாகேல் பகுதி வறட்சியில் காய்ந்த 1970-களிலும், வறட்சி உச்சத்தில் இருந்த 1980-களின் முற்பகுதியிலும் தூசி பன்மடங்கு ஏறியது தெரிந்தது. ஒரு கண்டத்தில் மழை பொய்த்ததை இன்னொரு கரையில் காற்றிலிருந்து தூசியைப் பிடித்த வடிதாள் காட்டிக்கொடுத்தது. இன்று நாம் இதைப் பற்றிப் பேசவே முடிகிறதென்றால், யாரோ ஒருவர் அந்தத் தாளை விடாமல் மாற்றிக்கொண்டிருந்ததால்தான். நீங்கள் நீக்கிய கட்டத்தின் மதிப்பு இதுதான்.

அந்தத் தூசியில் இரும்பு இருக்கிறது, பாஸ்பரஸ் இருக்கிறது. பவளக் கடல் தெளிவாக இருப்பதற்குக் காரணமே அதில் சத்து குறைவாக இருப்பதுதான். சத்து வந்து சேர்ந்தால் முதலில் பயனடைவது பவளம் அல்ல, பாசி. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ‘டிரைக்கோடெஸ்மியம்’ என்ற நீலப்பச்சை நுண்ணுயிரிக்கு இரும்புத் தேவை அதிகம். புளோரிடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் சகாராத் தூசி வந்து விழுந்த பிறகு அது பெருகுவதையும், அது வெளியிடும் நைட்ரஜன் நச்சுப்பாசிப் பெருக்கத்துக்கு உரமாகக்கூடும் என்பதையும் ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் கரீபியனிலுள்ள வர்ஜின் தீவுகளில் பிடித்த காற்று மாதிரிகளில் உயிரோடிருந்த பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வளர்த்துக் காட்டினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியிலிருந்து கரீபியன்வரை எடுத்த மாதிரிகளில் பூச்சிக்கொல்லிகளும், குப்பையும் எரிபொருளும் எரிவதால் உண்டாகும் நச்சுச் சேர்மங்களும் இருந்தன. பாலைவன மண்ணில் இவை தானாக விளைவதில்லை.

நிபுணர் குழுவில் ஒருவர் கடந்த கூட்டத்தில், ‘ஆப்பிரிக்கத் தூசிக் கோட்பாடு நிரூபணமாகவில்லை’ என்று சொல்லி எங்கள் கோரிக்கையை ஒதுக்கினார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 1983-இல் தொடங்கிக் கரீபியன் முழுவதும் திட்டின் பாசியை மேயும் நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் ஏறக்குறைய அழிந்துபோனதற்கும், அதே காலத்தில் பவளங்கள் சரிந்ததற்கும் தூசி காரணமாக இருக்கலாம் என்று யூஜின் ஷின் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 2000-இல் எழுதினார்கள். முள்ளெலிகளைக் கொன்றது எது என்று இன்றுவரை யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. விசிறி வடிவ மென்பவளங்களான கடல் விசிறிகளைத் தாக்கிய ‘ஆஸ்பர்ஜில்லஸ் சிடோவி’ என்ற பூஞ்சை தூசியோடு வந்தது என்று முதலில் சொன்னார்கள். 2008-இல் வந்த ஆய்வு ஆப்பிரிக்கத் தூசியில் அதைத் தேடிக் கிடைக்காமல், தூசி அதன் மூலமாக இருக்க வாய்ப்பில்லை என்று முடித்தது. ஒரு கேள்வியை எழுப்பி, அளந்து, சோதித்து, ஒரு பகுதியைக் கைவிட்டார்கள். ஆய்வு நடக்கும் முறையே அதுதான். அளந்ததால்தான் மறுக்கவும் முடிந்தது. நீங்களோ அளப்பதையே நிறுத்துகிறீர்கள். பிறகு ஆதாரம் இல்லை என்கிறீர்கள்.

அதோடு, சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரங்களும் இருக்கின்றன. அவற்றை அந்தக் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை.

பெர்முடாவின் பவளத்தை வெட்டி, மர வளையங்களைப் போல ஆண்டுதோறும் படிந்த அடுக்குகளில் ஈயத்தின் அளவைப் பார்த்து 1987-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தொழிற்சாலைகள் பெருகப் பெருக ஈயம் ஏறியது. பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் உச்சத்துக்குப் போனது. ஈயம் கலப்பதைக் குறைக்கச் சட்டம் வந்த பிறகு இறங்கியது. நடுக்கடலில் இருக்கும் அந்தத் தீவுக்கு ஈயத்தைக் கொண்டுபோனது காற்று. சாலையில் ஓடிய வண்டியின் புகை பவளத்தின் எலும்புக்கூட்டில் எழுதப்பட்டிருந்தது. சட்டம் வந்ததும் அதே எலும்புக்கூட்டில் எழுதப்பட்டிருந்தது. காற்று மாசைக் கட்டுப்படுத்தினால் பவளத்தில் பலன் தெரியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

2024-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, ஸ்பெயினுக்கு அப்பாலுள்ள கொலும்ப்ரெத்தஸ் தீவுகளில் எடுத்த பவளத்துக்குள் நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து உண்டான சாம்பல் துகள்கள் புதைந்திருப்பதைக் கண்டது. மிக உயர்ந்த வெப்பத்தில் எரியும் உலைகளில் மட்டுமே அந்த வகைத் துகள் பிறக்கிறது. காட்டுத் தீயில் பிறப்பதில்லை. பாலைவனத்தின்மேல் பழிபோட அங்கே வழியே இல்லை.

நிகழ்வுகளில் மிகக் கொடியது 1997-இல் நடந்தது. இந்தோனேசியாவில் காடும், மக்கிய தாவரங்கள் படிந்த கரிநிலமும் பற்றி எரிந்தபோது சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய் தீவுகளின் கடல் சிவந்தது. அந்த ஆண்டு ஆழத்திலிருந்து சத்து மிகுந்த நீர் மேலெழுந்ததும் உண்மை. ஆனால் அதே அளவு மேலெழுச்சி முற்காலத்திலும் நடந்ததைப் புதைபவளங்களில் பார்க்க முடிந்தது. அப்போது திட்டுகள் சாகவில்லை. 1997-இல் புதிதாகச் சேர்ந்தது புகை. அது கொண்டுவந்த இரும்பு பாசியைப் பெருக்கி, பாசி அழுகியபோது ஆக்சிஜன் தீர்ந்து, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத் திட்டுகளில் பவளமும் மீனும் கிட்டத்தட்ட முழுவதும் மடிந்தன என்று நெரிலி ஏப்ராமும் அவருடைய குழுவினரும் 2003-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். தீ வைத்தவர்கள் நிலத்தில் இருந்தார்கள். அந்தத் திட்டுகளைக் காக்க வேண்டியவர்களும் ‘இது எங்கள் வரம்பு இல்லை’ என்று சொல்லியிருக்க முடியும்.

தூசி நிழல் தருகிறதே, வெப்பத்தைக் குறைக்கிறதே, அது நல்லதுதானே என்று ஒரு வாதமும் உண்டு. கோடை உச்சத்தில் சில நாட்களுக்கு அது உண்மையாகவே உதவக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து வானை மூடிய பிறகு செங்கடலின் வடமுனையிலுள்ள அகாபா வளைகுடாவில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். அடுத்து வந்த குளிர்காலத்தில் மேல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்து, ஆழத்து நீரோடு கலந்து, சத்து மேலே வந்து, தடித்த பாசி விரிந்து பவளங்களை மூடிக் கொன்றது. நிழல் என்பது ஒரு பயனை மட்டும் கொண்டு வருவதில்லை. கரீபியனில் நடந்த இன்னொரு ஆய்வோ, மனிதன் எரித்த எரிபொருளின் துகள்கள் வெயிலை மறைத்த பத்தாண்டுகளில் பவளத்தின் வளர்ச்சியே மந்தப்பட்டதாகக் காட்டியது.

இனி நம் வாசலுக்கு வருகிறேன், ஏனென்றால் என் கோபம் உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

‘காற்றுவழி மாசு’ என்றதும் உங்கள் மேசையில் எல்லோரும் பாலைவனத்தைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சகாராவை யார் தடுக்க முடியும் என்று கையை விரித்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் கேட்டது சகாராவைப் பற்றி அல்ல. கடற்கரையில் திறந்த வெளியில் மலைபோல் குவித்த நிலக்கரியைப் பற்றிக் கேட்டோம். மூடாத கன்வேயர் பெல்ட்டில் காற்று அடிக்கும்போது கிளம்பும் கருந்தூசியைப் பற்றிக் கேட்டோம். சிமென்ட் அரைக்கப் பயன்படும் கிளிங்கர் கட்டிகளும் தாதுவும் இறக்கும் தளத்தையும், கப்பலின் அடிப்புறத்தை மணல் வீசித் துடைக்கும் பட்டறைகளையும், அனல்மின் நிலையச் சாம்பல் குட்டைகள் காய்ந்த பிறகு எழும் வெண்தூசியையும் பற்றிக் கேட்டோம். இவை எல்லாம் உரிமம் பெற்று நடப்பவை. உரிமத்துக்குக் கடல்சார் கருத்து கேட்கும்போது கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். தொலைவில் இருக்கும் தூசியின் பெயரைச் சொல்லிப் பக்கத்தில் இருக்கும் தூசியைத் தப்பவிடுகிறீர்கள்.

நிலக்கரித் தூள் பவளத்துக்கு என்ன செய்யும் என்பது ஊகம் இல்லை. ஆஸ்திரேலியாவில் ‘அக்ரோப்போரா டெனுயிஸ்’ என்ற கிளைப்பவளத்தையும், மீன்குஞ்சுகளையும், கடற்புல்லையும் கரித்தூள் கலந்த தொட்டிகளில் வைத்துச் செய்த சோதனை 2016-இல் வெளிவந்தது. செறிவு ஏற ஏறப் பவளம் அதிகமாக இறந்தது. கடற்புல்லும் மீனும் வளர்ச்சி குன்றின. அந்தத் தொட்டிகளில் இருந்த செறிவு கப்பல் விபத்தில் கொட்டும்போது வருவது போன்றது, தினமும் பறந்து விழுவது அதைவிடக் குறைவு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சோதனையில் 14 நாளில் தெரிந்த பாதிப்பு 28 நாளில் கூடியிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். விபத்து ஒருமுறை நடக்கிறது. திறந்த குவியலிலிருந்து தூசி காற்றடிக்கும் காலம் முழுவதும் பறக்கிறது.

பவளம் முட்டையிடும் இரவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைவில் அதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை. முழுநிலவுக்குப் பின்வரும் சில இரவுகளில், பல இனங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் சேர்ந்த சிறு உருண்டைகளை விடுகின்றன. இளஞ்சிவப்பாக அவை மேலெழுந்து, நீரின் மேற்பரப்பில் உடைந்து, அங்கேதான் கருத்தரிக்கின்றன. தூசி முதலில் வந்து தங்குவதும் அதே மேற்பரப்பில்தான். கொழுப்பும் உலோகமும் நுண்துகளும் சேர்ந்து கிடக்கும் அந்த மெல்லிய மேலேட்டில் பவளத்தின் அடுத்த தலைமுறை உருவாக வேண்டியிருக்கிறது. நிலத்திலிருந்து காற்று வீசிய ஓர் இரவில் நாங்கள் படகின் பக்கவாட்டில் விளக்கைக் காட்டியபோது உருண்டைகள் கருமையான படலத்துக்குள் மிதந்தன. படகின் விளிம்பைத் தொட்ட விரலில் கரி ஒட்டியது. மாதிரி எடுத்து அனுப்பினோம். அதைச் சோதிக்கத் திட்டத்தில் வழியில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள்.

செப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு லிட்டர் நீரில் சில பத்து மைக்ரோகிராம் செப்பு இருந்தாலே பவளத்தின் கருத்தரிப்பு வெகுவாகக் குறைவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கப் பூசும் வண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் செப்புதான். அந்த வண்ணத்தை மணல் வீசி உரிக்கும்போது பறப்பது வெறும் மணல் அல்ல. முட்டையிடும் வாரத்திலும் அந்த வேலை நிற்பதில்லை. நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அது ‘காற்று’.

வரம்பு என்ற சொல்லை எடுத்தது நீங்கள். ஆகவே அதற்கும் பதில் சொல்கிறேன். காற்றுத் தர அலுவலகத்துக்கு இதே புகாரை எடுத்துப் போனோம். அவர்களுடைய கருவி ஊருக்குள் நிற்கிறது. மனித நுரையீரலுக்காக அளக்கிறது. கடலுக்குள் போவது எங்கள் பொறுப்பில்லை, கடல்துறையிடம் போங்கள் என்றார்கள். கடல்துறையான நீங்கள் காற்று எங்கள் பொறுப்பில்லை என்கிறீர்கள். இரண்டு மேசைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் அந்தத் தூசி போய்க்கொண்டிருக்கிறது.

சட்டம் அப்படி ஓர் இடைவெளியை விடவில்லை. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 212-ஆவது பிரிவு, வளிமண்டலத்திலிருந்தோ அதன் வழியாகவோ கடலுக்கு வரும் மாசைத் தடுக்கவும் குறைக்கவும் கட்டுப்படுத்தவும் நாடுகள் சட்டம் இயற்ற வேண்டும் என்கிறது. நிலத்திலிருந்து வரும் மாசுக்கு 207-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. கப்பல் புகையைக் கட்டுப்படுத்த முடியாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு உலகம் முழுவதும் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மணல், தூசிப் புயல்களை எதிர்கொள்ள 2025 முதல் 2034 வரையிலான பத்தாண்டை ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. உலகம் இந்தத் திசையில் போகும்போது நீங்கள் ஒரு கட்டத்தை அழிக்கிறீர்கள்.

கடைசியாக உங்களிடமிருந்து வரும் பதில் எனக்குத் தெரியும்: கடல் சூடாவதுதான் முதல் பிரச்சினை, மற்றவை சிறியவை. முதல் பாதி முற்றிலும் சரி. 2023-இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய வெளிறலில் உலகின் பவளத்திட்டுப் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் வெளிறலை உண்டாக்கும் அளவு வெப்பத்துக்கு ஆளானது. ஆனால் நைட்ரஜன் கூடி, பாஸ்பரஸ் அதற்கு ஈடாக இல்லாத நீரில் பவளம் வெப்பத்தையும் ஒளியையும் தாங்கும் திறனை இழந்து எளிதில் வெளிறுகிறது என்று 2013-இல் ஆய்வு காட்டியது. வெப்பத்தை உங்களால் நிறுத்த முடியாது என்பது, உங்களால் நிறுத்த முடிந்ததையும் விட்டுவிடுவதற்குக் காரணம் ஆகாது. மேலும், கடலைச் சூடாக்கும் வாயுவும் பவளத்துக்குள் புதைந்த சாம்பலும் ஒரே புகைபோக்கியிலிருந்துதான் வெளியே வருகின்றன.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

நீக்கிய கட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதோடு நிறுத்தாமல் அதை ஒழுங்கான அளவீடாக மாற்றுங்கள். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. திட்டுக்கு அருகே மிதவையிலும் கரையிலும் விழுதூசியைப் பிடிக்கும் கலம் ஒன்று, திட்டின்மேல் வண்டல் சேகரிக்கும் குழாய் ஒன்று, உலர்த்தி எடைபோட ஒரு தராசு, எரித்துக் கரிமப் பொருளைக் கணக்கிட ஓர் அடுப்பு, பார்க்க ஒரு நுண்ணோக்கி போதும். கரித்தூள் கோணலாகக் கறுப்பாக இருக்கும். உலைச் சாம்பல் உருண்டையாக இருக்கும். பாலைவன மணல்துகள் வேறு மாதிரி இருக்கும். எந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்ற சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். செப்பு, ஈயம், இரும்பு ஆகியவற்றை ஆண்டுக்குச் சில முறையாவது ஆய்வகத்தில் சோதியுங்கள். மாதிரி எடுக்கும் வேலையை நாங்கள் ஊதியம் இல்லாமல் செய்கிறோம். ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

உலக வானிலை அமைப்பின் மணல்-தூசிப் புயல் எச்சரிக்கை முன்னறிவிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. காற்றுத் துகள்களின் செயற்கைக்கோள் பதிவு 2000-ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே இருக்கிறது. உங்களிடம் இருக்கும் பழைய வெளிறல், நோய்ப் பதிவுகளை அந்தப் பதிவுகளோடு நாள்வாரியாக ஒப்பிட்டு, முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள். தூசிக்கும் இழப்புக்கும் தொடர்பே இல்லை என்று வந்தால் அதை நான் ஏற்றுக்கொள்வேன்.

கரையோரத்தில் நிலக்கரி, தாது, கிளிங்கர் கையாளும் உரிமங்களுக்குக் கடல்சார் கருத்து கேட்டு உங்களிடம் கோப்பு வரும்போது, மூடிய கன்வேயர், மூடிய கிடங்கு, காற்றுத் தடுப்பு வேலி, ஈரப்படுத்தும் ஏற்பாடு ஆகியவை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஈரப்படுத்திய நீர் கறுப்பாக வழிந்து கடலுக்கே போனால் அந்த ஏற்பாட்டால் பயன் இல்லை என்பதையும் கவனியுங்கள். திட்டு இருக்கும் திசை நோக்கிக் காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் இறக்குவது நிற்க வேண்டும் என்ற நிபந்தனை ஒவ்வோர் உரிமத்திலும் எண்ணோடு இருக்கட்டும். ‘தேவையான நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று எழுதினால் யாரும் எதையும் நிறுத்துவதில்லை.

பவளம் முட்டையிடும் இரவுகளை ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே அறிவித்து, அந்த நாட்களில் திறந்தவெளியில் மணல் வீசி வண்ணம் உரிப்பதையும் மூடாத சரக்கு இறக்குவதையும் தடை செய்யுங்கள். மீன்பிடிப்பவர்களுக்கு இனப்பெருக்கக் காலத்தில் தடை போடத் தயங்காத நீங்கள் இதற்கும் தயங்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

காற்றுத் தர அலுவலகத்தோடு கூட்டாகப் பொறுப்பை எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். கடலை நோக்கி ஒரு கருவியாவது நிற்கட்டும். புகார் வந்தால் எந்த மேசை பதில் சொல்லும் என்பது பெயர்ப்பலகையோடு தெரிய வேண்டும்.

வரைவு இறுதியாவதற்கு முன் இந்தக் கோரிக்கைகளை நிபுணர் குழுவின் கூட்டத்தில் வைத்து, எதை ஏற்றீர்கள், எதை மறுத்தீர்கள், ஏன் மறுத்தீர்கள் என்று கூட்டக் குறிப்பை வெளியிடுங்கள். திருப்பி அனுப்பிய மாதிரிக் குப்பிகள் முத்திரை உடையாமல் எங்களிடம் இருக்கின்றன. சோதிக்க ஓர் ஆய்வகத்தின் பெயரைக் கொடுத்தால் நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
கணக்கெடுப்பில் பங்கேற்கும் முக்குளிப்புத் தன்னார்வலர்களில் ஒருவன்